முடிவைச் சொல்லக் கூடாது

பறவைக் காய்ச்சல் என்று
புளியரைச் சோதனைச்சாவடியில்
மலையிறங்கி வருகிற ஒவ்வொரு டயருக்கும்
மருந்தடிக்கிற வேலை எனக்கு.
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை,
தினக்கூலி.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
பேய்ப்படம் பேசுவோம்.

பீர்முகைதீனுக்கு எதுவும் பிடிக்காது,
எதையும் விடவும் மாட்டான்.
"பேய்க்கு பிளாஷ்பேக் வச்சவன் உருப்பட மாட்டாம்வே.
எவன் கொன்னான், எதுக்குக் கொன்னான்,
எல்லாந் தெரிஞ்ச பொறவு
அதப் பாத்தா பாவமால்லா இருக்கு.
சோறு போட்டு அனுப்பலாம் போல இருக்கு."

ஆய்வாளர் ஜெசிந்தா மேடத்துக்கு
அந்தப் பக்கத்துப் படங்கள்தான்.
"மழை பெய்யுது. கிணறு இருக்கு.
ஒரு ஆளு ஒண்ணுமே பேசாம
கஞ்சி குடிக்கான்.
அவ்வளவுதான்.
நான் துப்பட்டாவக் கடிச்சுக் கிழிச்சுட்டேன்."

ஆரியங்காவிலிருந்து பைக்கில் வரும் சஜீவனோ
"அய்யோ, உறங்கிப் போகும் சேச்சி" என்பான்.
அவனுக்கு நம் பக்கத்துப் பேய் வேணும்,
தலைவிரிகோலமாக,
உடுக்கைச் சத்தத்தோடு,
இடையில் ஒரு குத்துப்பாட்டோடு.
எல்லைக்கு அக்கரைப் பேய்தான்
எல்லாருக்கும் பயம்.

நான் செங்கோட்டையில் இரண்டாம் ஆட்டம் போவேன், தனியாக.
காலைத் தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொள்வேன்.
திரையில் வருவது என்னை ஒன்றும் செய்ததில்லை.
இடைவேளைக்கு எழுந்து போன முன்வரிசை ஆள்
திரும்பி வராமல்,
பாதி பாப்கார்ன் பொட்டலம் மட்டும்
அவனிடத்தில் உட்கார்ந்து படம் பார்த்ததே,
அதை இன்னும் இவர்களிடம் சொல்லவில்லை.

எங்களுக்கு ஒரே சட்டம்:
பார்க்காத ஆள் பக்கத்தில் இருந்தால்
முடிவைச் சொல்லக் கூடாது.
சொன்னால் நாலு டீ.

அன்றைக்குச் செருப்புப் படம் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் வாயில்.
தினம் விடியும்போது
வாசலில் ஒரு ஜோடி செருப்பு கூடியிருக்கும்,
வீட்டுக்குள் யாரும் வந்திருக்கமாட்டார்கள்,
அந்தப் படம்.
"இடைவேளை வரைக்கும் சரி,
அதுக்கு மேல..." என்று பீர்முகைதீன் கத்தும்போது
இரண்டு நாற்பதுக்கு
ஒரு ஆம்புலன்ஸ்.
சைரன் இல்லை, விளக்கு மட்டும் சுற்றியது.
திருவனந்தபுரத்திலிருந்து சுரண்டைக்கு.

ஆம்புலன்சுக்கும் டயர் உண்டு.
முன் சக்கரத்துக்கு அடித்தேன்.
கண்ணாடி இறங்கியது.
டிரைவர் பக்கத்தில் ஒரு பெண்,
மடியில் எக்ஸ்ரே உறை.
"செருப்புப் படமா?"
ஆமா என்றேன்.
"வெள்ளிக்கெழம போறதா இருந்தோம்.
டிக்கெட்டு எடுத்தாச்சு."
பின்னால் படுத்திருப்பவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.
"முடிவு என்ன?"

பீர்முகைதீன் என்னைப் பார்த்தான்.
மேடம் பதிவேட்டைப் பார்த்தார்.
கையிலிருந்த குழாய்
தன்பாட்டுக்கு ரோட்டை நனைத்துக்கொண்டிருந்தது.

சொன்னேன்.
(நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்,
அதனால் இங்கே எழுதவில்லை.)

அவள் கொஞ்சநேரம் வைப்பரையே பார்த்தாள்.
"ட்ரெய்லர் பாத்தே சொன்னாரு,
அப்படித்தான் முடியும்னு.
நான் இல்லைன்னேன்.
நூறு ரூவா பந்தயம்."
கண்ணாடி ஏறியது.
பின் சக்கரம் இரண்டும் பாக்கி,
அடித்தேன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக.

பதிவேட்டில் வண்டி எண், நேரம்,
அடுத்த கட்டத்தில்
கோழி, முட்டை, தீவனம், வேறு
என்று அச்சடித்திருக்கும்.
மேடம் பேனாவை அங்கே வைத்து
எடுத்து
மறுபடி வைத்து
ஒரு கோடு போட்டார்.

பிறகு முட்டைலாரிகள் வரிசையாக வந்தன.
யாரும் படம் பேசவில்லை.
சஜீவன் மட்டும், கிளம்பும்போது,
"அவர் எப்படிக் கண்டுபிடிச்சு?" என்று கேட்டான்.
எனக்கும் அதுதான்.
ட்ரெய்லரில் அந்தச் செருப்பைக் காட்டவே இல்லையே.

நாலு மணிக்கு டீ வந்தது.
முடிவைச் சொன்னது நான்,
காசு கொடுத்தது பீர்முகைதீன்.